மெய்யா, பொய்யா என்று கேட்டவர்கள்

கோவை அ. அய்யாமுத்து சுயமரியாதை இயக்கத்தில் இருந்த நாட்களில், 1920களின் இறுதியில், ஒரு நூல் எழுதினார். ‘மேயோ கூற்று மெய்யா பொய்யா?’ என்பது அதன் பெயர். அந்தக் காலத்துத் தமிழ் உரைநடையை வகுப்பில் நடத்தும்போது இந்தத் தலைப்பை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு, மாணவிகளைப் பதில் சொல்லச் சொல்வது என் வழக்கம். மேயோ யாரென்று பெரும்பாலோருக்குத் தெரியாது. யாரென்று சொன்னதும் வகுப்பு இரண்டாகப் பிரியும். ‘வெள்ளைக்காரிதானே மேடம், அப்படித்தான் எழுதியிருப்பா’ என்று ஒரு பக்கம். ‘அய்யாமுத்து பெரியாரோட இருந்தவருன்னா மெய்னுதான் எழுதியிருப்பாரு’ என்று மறுபக்கம். மேயோ கூறியது என்ன என்பதை இன்னும் நான் சொல்லியே இருக்க மாட்டேன்.

மாணவிகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1927இல் இந்த நாட்டின் பெரிய மனிதர்கள் பலரும் இதே வரிசையில்தான் யோசித்தார்கள். யார் சொன்னது என்பது முதலில் வந்தது, என்ன சொன்னது என்பது பிறகு. நடந்ததா என்ற கேள்வி கடைசியில் வந்தது, அதுவும் எல்லோருக்கும் வரவில்லை.

கேதரின் மேயோ அமெரிக்கப் பத்திரிகையாளர். பிலிப்பைன்ஸ் மக்கள் தன்னாட்சிக்கு இன்னும் தகுதி பெறவில்லை என்று வாதிட்டு 1925இல் ஒரு நூல் வெளியிட்டார். அடுத்து இந்தியாவுக்கு வந்து சில மாதங்கள் சுற்றிப் பார்த்தார். 1927இல் ‘மதர் இந்தியா’ வெளிவந்தது. பிரிட்டிஷ் அதிகாரிகள் அவருக்கு வழிகாட்டி உதவினார்கள் என்பதை ஆய்வாளர்கள் பின்னாளில் ஆவணங்களோடு நிறுவியிருக்கிறார்கள். நூலின் வாதம் எளிமையானது. இந்தியாவின் வறுமைக்கும் நோய்க்கும் அடிமைத்தனத்துக்கும் காரணம் ஆங்கில ஆட்சி இல்லை. இந்துக்களின் பாலியல் வாழ்க்கையும் குழந்தை மணமும்தான். இப்படி வாழ்கிறவர்கள் தங்களைத் தாங்களே எப்படி ஆள்வார்கள்?

இந்த முடிவு பொய். அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. யாருடைய ஆட்சி இங்கே நீடிக்க வேண்டும் என்று மேயோ எழுதினாரோ, அந்த இங்கிலாந்தில் 1929 வரை ஒரு பெண்ணுக்குச் சட்டம் அனுமதித்த திருமண வயது 12. அங்கே அந்த வயதில் மணம் முடிப்பது அரிது என்பதும் உண்மைதான். ஆனால் அந்த எண்ணைக் காட்டி, ஆங்கிலேயர் சுயாட்சிக்குத் தகுதியில்லாதவர்கள் என்று யாரும் நூல் எழுதிவிடவில்லை.

ஆனால் அந்தப் பொய்யான முடிவைத் தாங்கி நிற்கிற பக்கங்களில் ஒரு பட்டியல் இருக்கிறது. மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட சிறுமி மனைவிகளின் பட்டியல். பெயர்கள் இல்லை, எழுத்துக் குறிகள் மட்டும்தான். ஒவ்வொரு குறிக்கும் எதிரே வயது: ஒன்பது, பத்து, ஏறத்தாழ ஏழு. அதற்கடுத்து உடலில் கண்ட காயங்கள். அவற்றை இங்கே எழுத நான் விரும்பவில்லை. எழுந்து நிற்க முடியாமல் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து வந்த ஒரு பத்து வயதுக்காரி அதில் இருக்கிறாள். இன்னொரு சிறுமியைப் பற்றிய குறிப்பில், அவளுடைய கணவன் மிக நல்ல ஆங்கிலம் பேசினான் என்று ஒரு தகவல் வருகிறது. எழுதிய மருத்துவருக்கு அந்த நேரத்தில் அது ஏன் முக்கியமாகப் பட்டது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். படிப்பு இதைத் தீர்த்துவிடும் என்று நம்பி வந்தவராக இருக்கலாம்.

இந்தப் பட்டியல் மேயோ தயாரித்தது இல்லை. அவர் அதை எடுத்தாண்டார். அதன் பிறப்பு 1890ஆம் ஆண்டுவாக்கில்.

அந்தக் காலத்தில்தான் கல்கத்தாவில் பூல்மணி தாசி என்ற சிறுமி இறந்தாள். வயது பத்தா பதினொன்றா என்பதில் பேச்சு இருந்தது. கணவன் ஹரி மோகன் மைத்திக்கு முப்பதைத் தாண்டிய வயது. அவன் உடலுறவு கொண்டதால் ஏற்பட்ட இரத்தப்போக்கில் அவள் உயிர் போனது. வழக்கு நடந்தபோது அவளுடைய வயதுதான் சட்டத்துக்கு வேண்டியிருந்தது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டப்படி மனைவிக்குப் பத்து வயது நிறைந்துவிட்டால் கணவன் செய்தது வன்புணர்ச்சி ஆகாது. வீட்டுப் பெண்கள் சாட்சி சொன்னார்கள். பெற்றவள் மகளின் வயதைச் சொன்னாள். அது பத்தைத் தாண்டிய வயது. அந்தக் கணக்குப்படி பூல்மணியின் மரணம் குற்றத்தின் பெரிய கட்டத்திலிருந்து சின்னக் கட்டத்துக்கு இறங்கிவிட்டது. கணவனுக்கு ஓராண்டுக் கடுங்காவல்.

வழக்குக்குப் பிறகு இந்தியாவில் பணியாற்றிய பெண் மருத்துவர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு அரசுக்கு ஒரு மனு அனுப்பினார்கள். தாங்கள் நேரில் பார்த்த சிறுமிகளைப் பற்றி அதில் எழுதியிருந்தார்கள். 1891 ஜனவரியில் ஆண்ட்ரூ ஸ்கோபிள் சட்டசபையில் மசோதாவைக் கொண்டுவந்தார். பத்து வயதைப் பன்னிரண்டாக உயர்த்துவது. திருமணத்தைத் தடுப்பது இல்லை, உடலுறவுக்கான வயதை இரண்டே ஆண்டு தள்ளிப் போடுவது. அவ்வளவுதான். அதற்குக் கல்கத்தா மைதானம் நிறைந்து வழிந்தது. காளிகாட்டில் பெரும் பூஜை நடந்தது. கர்ப்பாதானச் சடங்குக்கு இடையூறு வந்தால் இந்து தர்மமே குலைந்துவிடும் என்றார்கள்.

திலகரை இங்கே நியாயமாகப் பார்க்க வேண்டும். சிறுமியை மணம் முடிப்பது நல்லது என்று அவர் வாதாடவில்லை. பெண்ணுக்குப் பதினாறு, ஆணுக்கு இருபது என்று சீர்திருத்தக்காரர்கள் தங்களுக்குள் உறுதி எடுத்துக்கொள்ளட்டும் என்று அவரே யோசனை சொன்னவர். அந்நிய அரசு நம் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவருடைய அரசியல். அந்த நம்பிக்கை தன்னளவில் தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நம்பிக்கை ஒரு வேலை செய்தது. வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை ‘அது நம் விஷயம்’ என்ற சொல்லால் மூடியது. மூடிய பிறகு உள்ளே பார்க்கும் அவசரம் யாருக்கும் இல்லாமல் போயிற்று.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. வெப்ப நாடுகளில் பெண்கள் சீக்கிரம் பூப்படைவார்கள் என்பது ஐரோப்பிய மருத்துவர்கள் பரப்பிய கருத்து. கீழைநாட்டு உடம்பு வேறு வகை என்று காட்டுவதற்கு அவர்களுக்கு அது உதவியது. மசோதாவை எதிர்த்தவர்கள் அதே கருத்தை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பெண்கள் சீக்கிரம் பருவமடைகிறார்கள், பன்னிரண்டு வரை பொறுப்பது சாத்திரத்துக்கு ஒவ்வாது. ஆள்கிறவனும் ஆளப்படுகிறவனும் ஒத்துப்போன மிகச் சில இடங்களில் இது ஒன்று. அந்த இடத்தில் ஒரு சிறுமியின் இடுப்பெலும்பு இருந்தது.

சட்டம் 1891 மார்ச்சில் நிறைவேறி, பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது. திருமணத்துக்குள் பன்னிரண்டு என்ற வயது பதின்மூன்றாக உயர 1925 வரை ஆயிற்று. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் நம் பக்கம் என்ன நடந்தது என்பதற்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை, இலக்கிய வரலாறு போதும். 1897இல் செல்லம்மாளுக்குத் திருமணமானபோது வயது ஏழு. மாப்பிள்ளை சுப்பிரமணிய பாரதிக்குப் பதினான்கு. வை.மு. கோதைநாயகிக்கு 1907இல் மணம் முடித்தபோது வயது ஐந்தரை. அ. மாதவையா 1903இல் ‘முத்துமீனாட்சி’யை வெளியிட்டார், ஓர் இளம் விதவையின் கதை. இவற்றைத் தேர்வுக்கான குறிப்புகளாகவே நாம் படித்துக் கடந்துவிடுகிறோம். ஐந்தரை என்பது நாவலாசிரியையின் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு சுவையான செய்தி. அதே எண்ணை மேயோ எழுதினால் அவதூறு.

1927க்கு வருவோம். மேயோவின் நூலுக்கு வந்த மறுப்புகளின் எண்ணிக்கை ஒரு தனி நூலகத்துக்குக் காணும். மத்திய சட்டசபை உறுப்பினர் சி.எஸ். ரங்க ஐயர் எழுதிய மறுப்புக்கு ‘ஃபாதர் இந்தியா’ என்று பெயர். தாயைப் பற்றிய குற்றச்சாட்டுக்குத் தகப்பன் பதில் சொல்வதாகத் தலைப்பு அமைந்ததில் அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வந்ததாகத் தெரியவில்லை. லாலா லஜபதி ராய் 1928இல் எழுதிய ‘அன்ஹேப்பி இந்தியா’ இன்னும் கனமானது. கறுப்பின மக்களைக் கும்பல் கூடிக் கொன்று மரத்தில் தொங்கவிடும் அமெரிக்காவுக்கு நமக்குப் பாடம் சொல்ல என்ன யோக்கியதை என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்காவைப் பற்றிய அந்த உண்மைகளும் உண்மைகளே. ஆனால் தவழ்ந்து வந்தவளைப் பற்றி அவை ஒன்றும் சொல்லவில்லை.

காந்தி ‘யங் இந்தியா’வில் மேயோவின் நூலைச் சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை என்றார். இது மற்ற மறுப்புகளைவிட நேர்மையானது. சாக்கடை இல்லை என்று அவர் சொல்லவில்லை. சாக்கடையை மட்டும் திறந்து காட்டிவிட்டு இதுதான் ஊர் என்று சொன்னதைக் கண்டித்தார். இந்தியர்கள் இதைப் படித்துத் தங்களைத் திருத்திக்கொள்ளலாம், வெளிநாட்டார் படிக்க வேண்டியதில்லை என்பது அவர் நிலை. பதின்மூன்று வயதில் மணமகனாக உட்காரவைக்கப்பட்டவர் அவர். குழந்தை மணத்தை எதிர்த்து விடாமல் எழுதியவர். எனக்கு உறுத்துவது அந்த உவமைதான். சாக்கடை என்றால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவரின் சங்கடம் முன்னால் வருகிறது. அந்த உவமைக்குள் சிறுமிக்கு இடமில்லை.

விமர்சகர்கள் அந்தப் பட்டியலின் மூலத்தையும் கண்டுபிடித்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் பழையது என்று எழுதினார்கள். பழைய விவரத்தை இன்றைய நிலைமைபோலக் காட்டியது மேயோவின் மோசடிதான், சந்தேகமில்லை. ஆனால் இதைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். 1891இல் அந்தப் பட்டியல், அபூர்வமாக நடப்பதைப் பெரிதாக்கும் மிகைப்படுத்தல் எனப்பட்டது. 1927இல் அது பழங்கதை எனப்பட்டது. அப்படியானால் அது எந்த ஆண்டில் உண்மையாக இருந்தது?

சென்னையில் நடந்ததை இந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும். அடையாற்றில் 1917இல் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் மேயோவைக் கண்டித்து ஒரு கூட்டம் கூட்டியது. இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. இந்தியப் பெண்குலம் முழுவதும் அடிமைத்தனத்திலும் மூடத்தனத்திலும் கிடக்கிறது என்று மேயோ எழுதியதை ஏற்கமாட்டோம் என்பது ஒன்று. குழந்தை மணம், இளவயதுத் தாய்மை, கட்டாய விதவைக்கோலம், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டுவது ஆகியவற்றைச் சட்டம் போட்டு ஒழியுங்கள் என்று சட்டசபைகளைக் கேட்டது மற்றொன்று.

ஒரே கூட்டம், ஒரே நாள். முதல் தீர்மானத்தை மட்டும் நிறைவேற்றியிருந்தால் தேசியவாதிகள் கொண்டாடியிருப்பார்கள். இரண்டாவதை மட்டும் என்றால் லண்டன் பத்திரிகைகள் மேயோ சொன்னது மெய்யாயிற்று என்று எழுதியிருக்கும். அந்தப் பெண்கள் இரண்டையும் சேர்த்துப் போட்டார்கள். அவர்கள் செய்தது ஒரு சின்னப் பிரிவினை. நடந்ததா என்பது ஒரு கேள்வி, அதிலிருந்து என்ன முடிவுக்கு வருகிறோம் என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு ஆமென்று சொல்வதால் இரண்டாவதில் மேயோவுக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. சுயராஜ்யம் வேண்டும் என்பவளும், வேண்டாம் என்பவளும் ஒன்பது வயதுச் சிறுமியின் காயத்தை ஒரே காயமாகப் பார்க்க முடியும். இன்றைக்கு வாசித்தால் சாதாரணமாகத் தோன்றும் இதை அன்றைய தலைவர்களில் வெகு சிலரே செய்தார்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இந்தச் சங்கத்திலிருந்து சட்டமன்றத்துக்குப் போனவர். மேயோவை மறுத்தவர். 1928 மார்ச்சில் சென்னைச் சட்டமன்றத்தில், பெண்ணின் திருமண வயதைப் பதினாறாகவும் ஆணுக்கு இருபத்தொன்றாகவும் உயர்த்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். மகப்பேறு பார்த்த மருத்துவர் அவர். பட்டியலில் இருந்தது பழங்கதையா என்று கேட்க அவர் யாரிடமும் போகவேண்டியிருக்கவில்லை.

அய்யாமுத்துவும் குடிஅரசு வட்டாரமும் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார்கள். அவர்களுக்கு மேயோ கூற்று பெருமளவு மெய். அதை மெய்யென்று ஏற்றது அவர்களுடைய துணிச்சல். தேசபக்தியின் பெயரால் எல்லோரும் கதவைச் சாத்தியபோது இவர்கள் திறந்து வைத்தார்கள். ஆனால் அவர்களுடைய நம்பிக்கையும் தனக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டது. குழந்தை மணத்தைப் பார்ப்பனியத்தின் கணக்கில் எழுதும்போது, அன்றைய சென்னை மாகாணத்தின் தெலுங்கு மாவட்டங்களில் பிராமணரல்லாத பல சாதிகளிலும் அது வேரூன்றியிருந்தது பின்னுக்குப் போயிற்று. இருந்தாலும் 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு மாநாட்டில் அவர்கள் போட்ட தீர்மானங்களைப் பார்க்கிறேன். பெண்ணுக்குப் பதினாறு வயதுக்கு மேல்தான் மணம், மணவிலக்கு உரிமை, சொத்தில் சம பங்கு. வயதை மட்டும் உயர்த்தினால் போதாது என்று புரிந்துகொண்டவர்கள் அவர்கள்தான். மாதர் சங்கத்தைவிட இந்த இடத்தில் அவர்கள் தெளிவாகப் பார்த்தார்கள் என்பது என் எண்ணம்.

ஹர் பிலாஸ் சார்தாவின் மசோதா தில்லியில் கிடந்தது. அரசுக்கு அதில் ஆர்வம் இல்லை. மேயோவின் புத்தகம் உலகெங்கும் விற்ற பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மோரோபந்த் ஜோஷி தலைமையில் ஒரு குழு போட்டார்கள். ராமேஸ்வரி நேரு அதில் உறுப்பினர். குழு ஊர் ஊராகப் போய்ச் சாட்சியம் கேட்டது. பெண்களும் வந்து பேசினார்கள். 1891 சட்டம் இருப்பதே பெரும்பாலான மக்களுக்குத் தெரியாது என்பதும் அப்போது வெளிப்பட்டது. பிறப்பையும் திருமணத்தையும் முறையாகப் பதிவுசெய்ய வழி வேண்டும் என்றது குழு. வயதுக்கு ஆதாரம் இல்லாத நாட்டில் வயதுச் சட்டம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? என் அப்பாயியிடம் வயதைக் கேட்டால், ‘யுத்தம் வந்தப்ப உங்க பெரியப்பன் என் இடுப்புல’ என்பாள். அப்போது உனக்கு எத்தனை என்றால், ‘யாரு கண்டா’ என்பாள்.

1929 செப்டம்பரில் மசோதா நிறைவேறியது. சென்னை மாகாணத்திலிருந்து போன எம்.கே. ஆச்சாரியா கடைசிவரை எதிர்த்தார். பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு. மீறினால் ஒரு மாதம் வரை வெறுங்காவல், ஆயிரம் ரூபாய் வரை அபராதம். புகார் கொடுக்கிறவர் நூறு ரூபாய் வரை ஜாமீன் கட்ட வேண்டியிருந்தது. நடந்துவிட்ட திருமணம் செல்லும். பதிவு பற்றிய பரிந்துரை ஏறவில்லை. சமஸ்தானங்களில் சட்டம் செல்லாது. நாடு முழுக்க முதல் இரண்டரை ஆண்டில் தொடரப்பட்ட வழக்குகள் ஐந்நூறைத் தொடவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான விவரம், சட்டம் எந்த நாளில் நடைமுறைக்கு வந்தது என்பதுதான்: 1930 ஏப்ரல் 1. நிறைவேறியதற்கும் அமலானதற்கும் நடுவே ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் முகூர்த்தங்கள் குவிந்தன. பதினான்கு வரை காத்திருக்க வேண்டிவரும் என்ற பயத்தில், அவசரமே இல்லாத குழந்தைகளுக்கும் அவசரமாகத் தாலி கட்டினார்கள். தர்மத்துக்கு ஆபத்து என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையால் புதிதாக உண்டான மனைவிகள் நிஜம்.

1931 சென்சஸ் இதைக் காட்டியது. பதினைந்து வயதுக்குட்பட்ட மனைவிகள் 1921இல் சுமார் 85 லட்சம். பத்தாண்டு கழித்து 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் மணமானவர்கள் இரண்டு லட்சத்துச் சொச்சத்திலிருந்து எட்டு லட்சத்துக்கு ஏறியிருந்தார்கள். இந்த எண்களையும் கவனமாகத்தான் எடுக்க வேண்டும். அந்த முறை நிறைந்த வயதை எழுதாமல், அருகிலுள்ள பிறந்தநாள் கணக்கில் வயதை எழுதினார்கள். பிறகு அட்டவணை போடும்போது வயதுப் பிரிவுகளைச் சமன்செய்தார்கள். சிறு வயதுப் பிரிவுகளில் எண்ணிக்கை கொஞ்சம் ஊதியிருக்கும். ஆகவே ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, இத்தனை பேர் என்று விரல் நீட்ட முடியாது. ஊதலைக் கழித்தாலும் ஏற்றம் இருந்தது.

அந்த எண்களையும் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சட்டம் தோற்றது, சட்டத்தால் சமூகத்தை மாற்ற முடியாது என்றார்கள் வைதீகர்கள், அந்த எண்களை உண்டாக்கியதே தங்கள் பயம்தான் என்பதை விட்டுவிட்டு. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரான எலினோர் ராத்போன் 1934இல் குழந்தை மணம் பற்றி ஒரு நூலே எழுதினார். அவருடைய அக்கறை பொய்யில்லை. ஆனால் இந்தியப் பெண்கள் சார்பில் இங்கிலாந்து பேச வேண்டும் என்ற தொனி, அதே வேலையை இங்கே செய்துகொண்டிருந்த பெண்களுக்கு எரிச்சலூட்டியது. 1929இல் அவர் லண்டனில் கூட்டிய மாநாட்டிலேயே தன்வந்தி ராம ராவ் எழுந்து, எங்கள் சமூகத் தீமைகளைப் பற்றி மாநாடு கூட்ட உங்களுக்கு என்ன உரிமை என்ற கேள்வியை எழுப்பியிருந்தார். அவரும் குழந்தை மணத்தை எதிர்த்தவர்தான்.

வகுப்பில் இவ்வளவையும் சொன்ன பிறகு, தலைப்பில் உள்ள கேள்விக்கு மறுபடி பதில் கேட்பேன். பலர் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். ஒருமுறை ஒரு மாணவி, ‘அந்த எட்டு லட்சம் பேரு என்ன ஆனாங்க மேடம்?’ என்று கேட்டாள். 1931இல் ஐந்து வயதுக்குட்பட்ட மனைவிகள் 1941இல் பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவே இருந்திருப்பார்கள். யார் புகுந்த வீடு போனார்கள், யார் தாயானார்கள், யார் தாலியறுத்துத் தலை மழித்து உட்கார்ந்தார்கள் என்பதை அடுத்த கணக்கெடுப்பின் அட்டவணைகளில்தான் தேட வேண்டும். 1941இல் கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகப் போனார்கள், கேட்டார்கள், எழுதினார்கள். ஆனால் போர் நடந்துகொண்டிருந்தது. செலவைக் குறைக்க வேண்டி, எழுதியதை முழுமையாகத் தொகுக்காமல் விட்டுவிட்டார்கள்.